இரு சூரியோதயப் பயணம்

கொழும்புக்கும் மேற்கு ஆவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஏறக்குறைய 3,500 மைல் என்று தேசப்படத்தை அளந்து கூறிவிடலாம். எத்தனை மணித்தியாலப் பயணம் என்பதற்கோ, எந்த ஆண்டிலே என்று திருப்பிக் கேட்ட பின்னரே விடை கூறல் வேண்டும். இக்காலத்து ஜெட் விமானத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் போதும். 1943இலோ ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தும் போதவில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. இலண்டனையும் சிட்னியையும் இணைத்திருந்த வான்மார்க்கம் அத்துடன் நடுவே அறுந்தது. அறுந்த இடத்தை முடிய எஞ்சியிருந்த வழி ஒன்றே: இடையில் எங்கும் இறங்காது இந்து சமுத்திரத்தைக் கடப்பது. 1943 ஜூன் மாத இறுதியில் குவான்டாஸ் விமானிகள் கற்றலீனா என்னும் கடல் விமானத்தில் அதனைத் தொடங்கினர். பேர்த்தின் சுவான் ஆற்றில் எழும் விமானம் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியில் வந்து இறங்கும்.

கற்றலீனாவின் வேகம் மணிக்கு 125 மைல் அளவே. எரிபொருளே பெரும் பாரமாகிவிட்டமையால் மூன்று பிரயாணிகளுக்கும் 150 இராத்தலுக்குச் சற்று மேற்பட்ட தபாலுக்கும் மாத்திரமே இடமிருந்தது. பயணத்தின் முற்பகுதியில் இரண்டு இயந்திரங்களுள் ஒன்று நின்றுவிடினும், மற்றொன்று அப்பாரத்தைத் தாங்கி விமானத்தை உயரத்தில் வைத்திருக்க மாட்டாது. பகைவர் செவியில் விழுமென்று வானொலியில் பேசுவதும் இல்லை, நட்சத்திரங்களே வழிகாட்டிகள். விமானங்களுக்கும் வேகா, அல்ற்றெயர், றிகெல், அன்ராறிஸ், ஸ்பைக்கா என நட்சத்திரப் பெயர்களையே இட்டிருந்தனர். யப்பானிய விமானங்கள் உலவக்கூடிய பகுதியை இருளிலே கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. இருபத்தேழு முதல் முப்பத்திரண்டு மணித்தியாலம் வரை நீண்ட அப்பயணத்திலே பிரயாணிகள் இரு முறை சூரியன் உதிப்பதைக் கண்டனர். அதற்குச் சான்றாக ஒரு பத்திரமும் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

கொக்கலையைப் பற்றியும் ஒரு சொல். 1942 ஏப்ரல் 4ஆந் திகதி யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டறிவித்த கனேடிய விமானி பேர்ச்சல், அவ்வாவியிலிருந்து எழுந்தவரே. ஆனால் அத்தளத்துக்காகத் தம் வீடுவாசல்களை விட்டு அகன்ற கிராமத்தவரை வான்பயண வரலாறுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. இடிபடாது எஞ்சிய வீடுகளுள் ஒன்று, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அங்கே நூதனசாலை இருக்கிறது.

1944இல் லிபறேற்றர் விமானங்கள் வந்தன. அவை எக்ஸ்மவுத் குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பதினேழு மணித்தியாலமளவில் பறந்தன. கற்றலீனாக்கள் 1945 ஜூலை வரை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தன. ஒன்றாயினும் கடலில் வீழவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்கா இரவலாக வழங்கிய உடன்படிக்கையின் நிபந்தனைப்படி, ஐந்து விமானங்களையும் ஆவுஸ்திரேலியக் கரைக்கப்பால் கொண்டுசென்று மனிதர் கைகளே அமிழ்த்தின.