படிகமணித் துளைகளும் ஓய்மாநாட்டுக் கடற்கரையும்: தொழில்நுட்பச் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

முன்னுரை

சங்ககாலக் கடல்வணிகம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் காசுகளையும் மட்கலன்களையும் சார்ந்தே அமைந்துள்ளன. மணிகள் அணிகலன் என்ற அளவிலேயே பட்டியலிடப்படுகின்றன. ஆயின் ஒரு படிகமணியின் துளைக்குள், அதனைச் செய்த கைவினைஞரின் கருவியும் செய்முறையும் பதிவாகியுள்ளன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையும் அதனை அடுத்த அரிக்கமேட்டையும் மையமாகக் கொண்டு, அப்பதிவு எதனை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்காது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் வணிகமும்

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அந்நூல் கூறும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் காண்பது ஆய்வாளர் வழக்கு. இக்கடற்கரையின் தெற்கே அரிக்கமேடு அமைந்துள்ளது. அங்கு வீலர் 1945இலும், கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழாய்வு செய்தனர். கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் அங்கேயே செய்யப்பட்டன என்பதை உற்பத்திக் கழிவுகள் காட்டின.

கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ தொகுத்த ஹான் வரலாற்று நூல், சீனத் தூதர்கள் பொன்னும் பட்டும் கொண்டு கடல்வழிச் சென்று முத்து, கண்ணாடி, அரிய கற்கள் ஆகியவற்றைப் பெற்றதைக் குறிக்கிறது. அந்நூல் சுட்டும் ஹுவாங்சி என்னும் நாட்டைக் காஞ்சிபுரம் எனக் கொள்வோர் பலர். அப்பயணம் தொடங்கிய துறைகளுள் ஒன்றான ஹெபுவின் ஹான் காலக் கல்லறைகளில் படிகம், சூதுபவளம் முதலிய கல்மணிகள் கிடைத்துள்ளன. இவை எங்குச் செய்யப்பட்டவை என்பதே வினா.

செய்முறையும் துளையும்

படிகம் மோ கடினத்தன்மை அளவுகோலில் 7 என்னும் நிலையில் உள்ளது. கல்லைத் தேர்ந்து, சில்லுகளாகப் பெயர்த்து உருக்கொடுத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றுதல் என்பன மணியாக்கத்தின் படிநிலைகள். கைவினை மரபிற்கேற்ப இவற்றின் வரிசை மாறுவதும் உண்டு. மெருகேற்றும்போது முந்தைய தடங்கள் புறப்பரப்பிலிருந்து மறைகின்றன. துளையின் உட்சுவரில் அவை எஞ்சுகின்றன.

துளைக்குள் சிலிகோன் செலுத்தி அச்செடுத்து, அதனை மின்னணு நுண்ணோக்கியில் காண்பது ஆய்வு முறை. துரப்பணத்தோடு தூவப்பட்ட உராய்வுத்தூள் ஒருவகைத் தடத்தையும், முனையில் பதிக்கப்பட்ட வைரம் சீரான, நுண்ணிய வட்டவரிகளையும் விட்டுச்செல்கின்றன. இருபுறமிருந்தும் இடப்பட்ட துளைகள் நடுவில் சற்றே விலகிச் சந்திப்பதும் அச்சில் புலப்படும். கோரலிக், குவின்னெட் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, வைரமுனைத் துளையிடல் இந்தியாவிலிருந்து உரோம உலகம் வரை அறியப்பட்டதை இம்முறையால் விளக்கியது. குசராத்தின் காம்பே கைவினைஞரிடம் வைரமுனைத் துரப்பணம் அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்துள்ளது.

சான்றின் எல்லை

படிகம் பெரும்பாலும் தூய சிலிக்காவே. ஆதலின் வேதியியல் பகுப்பாய்வு கொண்டு அதன் பிறப்பிடத்தைக் கண்டறிதல் அரிது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்களும் சிலிக்காவால் ஆனவையே. எனினும் அவை ஒளி ஊடுருவும் படிகம் அல்ல. அண்மையில் உள்ளன என்பதால் மட்டும் அவற்றை மணித்தொழிலின் மூலப்பொருளாகக் கொள்ளுதல் பொருந்தாது.

துளையின் தடம் தொழில்நுட்பத்தை உறுதிப்படுத்தும், இடத்தை உறுதிப்படுத்தாது. கருவியும் கைவினைஞரும் கடல் கடந்து சென்றிருக்கலாம். எனவே ஹெபு மணியொன்றில் வைரமுனைத் தடம் காணப்படினும், அது தமிழகத்தில் செய்யப்பட்டது என உடனே முடிவுசெய்ய இயலாது. உற்பத்தியிடத்தை மெய்ப்பிப்பன சில்லுகளும், துளையிடும்போது உடைந்தனவும், முற்றுப்பெறா மணிகளுமே. நொய்யற்கரைக் கொடுமணலில் படிகம், செவ்வந்திக்கல், பச்சைக்கல் ஆகியவற்றில் இத்தகைய படிநிலைச் சான்றுகள் கிடைத்தமையே அதனைத் தொழிற்கூடமாக நிறுவியது.

முடிவுரை

மேற்பரப்பில் கிடைக்கும் முழுமணிகள் அழகு கருதிப் பொறுக்கப்படுவதும், சில்லுகள் கழிவெனக் கைவிடப்படுவதும் வரலாற்றுக்குப் பேரிழப்பாகும். இடக்குறிப்பு இழந்த முழுமணி அணிகலனாக மட்டுமே எஞ்சுகிறது. இடக்குறிப்போடு கிடைக்கும் உடைந்த சில்லு ஒரு தொழிற்கூடத்தையே அடையாளம் காட்டவல்லது. திண்டிவனம் முதல் மரக்காணம் வரையிலான களஆய்வுகளில் கழிவுகளை இடக்குறிப்போடு திரட்டி, துளை அச்சுகளை அரிக்கமேடு, கொடுமணல் மணிகளோடு ஒப்பிடுதல் வேண்டும். ஓய்மாநாட்டுக் கடற்கரை மணிகளைச் செய்த இடமா, அவை கைமாறிய வழியா என்பதற்கு விடைகாணும் முறை அதுவே.