கிள்ளான் பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகள்

கோலாலம்பூரின் வடகிழக்கே, செத்தாப்பாக் வட்டாரத்தில், 'ஆயர் பானாஸ்' என்றொரு பகுதி உண்டு. வீடுகளும் கடைவரிசைகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தின் பெயரை அறிந்தோர் பலர். அதன் பொருளை எண்ணிப் பார்த்தோர் சிலரே. மலாய்மொழியில் அது வெந்நீரைக் குறிக்கும். மண்ணிலிருந்து தானே பொங்கிய வெந்நீர் ஊற்றுகளே அவ்வூருக்குப் பெயர் தந்தன. அவசரகாலத்தில் அங்கே எழுந்த புதுக்கிராமமும் அப்பெயரையே தாங்கிற்று. செலாயாங்கிலும், உலு லங்காட்டைச் சேர்ந்த டூசுன் துவாவிலும் இத்தகைய ஊற்றுகள் உள்ளன.

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலையை நினைப்பது இயல்பு. இத்தாலி நாட்டின் இஸ்கியாத் தீவிற்கு அந்நினைவு பொருந்தும், இங்குப் பொருந்தாது. தீபகற்ப மலேசியாவில் செயற்படும் எரிமலை எதுவுமில்லை. மழைநீர் கருங்கற்பாறையின் பிளவுகள் வழியே மிக்க ஆழத்திற்கு இறங்கி, ஆங்குள்ள வெப்பத்தால் சூடேறி, வேறொரு பிளவின் வழியே மேலெழுகிறது. தித்திவங்சா மலைத்தொடரை ஒட்டியே ஊற்றுகள் பல அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

இத்தகைய நீரை மருந்தெனக் கொள்ளும் வழக்கம் மேனாட்டில் மிகப் பழையது. பாதுவா நகரின் அருகேயுள்ள அபானோ ஊற்றுகளை உரோமானியர் காலத்திலேயே நோயாளர் நாடினர். வெந்நீர்க் குளியலும் சூடான சேற்றுப் பூச்சும் அங்கே இன்றளவும் மருத்துவமாகவும் பெருந்தொழிலாகவும் விளங்குகின்றன. தம் நாட்டுப் பாத் நகரை அறிந்திருந்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலாங்கூரிலும் அவ்வசதியை விரும்பியதில் வியப்பில்லை. டூசுன் துவாவில் அவர்கள் தங்கிக் குளித்து இளைப்பாற அரசாங்க விடுதியொன்று அமைந்தது.

இளைப்பாறுதல் வேண்டியோர் அதிகாரிகள் மட்டுந்தானா? அந்நாளில் கிள்ளானின் நிலை என்ன? 1901-ஆம் ஆண்டில் மலேரியாக் காய்ச்சல் அந்நகரைச் சூறையாடியது. கிள்ளானிலும் புதிய துறைமுகமாகிய சுவெட்டன்ஹாம் துறையிலும் காய்ச்சலால் அவ்வாண்டு மாண்டோர் 368 பேர். மருத்துவர் மால்கம் வாட்சனின் வற்புறுத்தலால் சதுப்பு நிலங்களின் நீர் வடிக்கப்பட்டது. மறு ஆண்டில் அத்தொகை 59 ஆகச் சுருங்கிற்று. ஆக, எளியோரின் உயிரைக் காத்தது மலையடிவாரத்து வெந்நீரன்று; சதுப்பு நிலத்து வடிகாலே. தோட்டங்களில் காய்ச்சலோடு போராடிய தமிழ்த் தொழிலாளருக்கு டூசுன் துவா விடுதி எட்டாத தொலைவில் இருந்தது. அத்தொலைவை மைல்கணக்கில் அளக்கலாகாது.

தமிழருக்கு வெந்நீர் ஊற்று புதுமையன்று. இரயில்வேப் பணிக்கென வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய இலங்கைத் தமிழர், திருக்கோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை அறிவர். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய இடம் அது என்பது வழிவழிக் கதை. ஓய்வு தேடியன்று, இறந்தோர்க்குக் கடன் கழிக்கவே மக்கள் அங்குச் சென்றனர்.

அத்தகைய கடன் ஏதும் கழிக்கப்பெறாமலே மாண்டோரும் உளர். சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்டு, 1943 அக்டோபரில் முற்றுப்பெற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 78,000 பேர் என்பது போருக்குப் பிந்தைய கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். காலராவாலும் பசியாலும் அடியாலும் பல்லாயிரவர் காட்டிலேயே மடிந்தனர். அப்பாதை சென்ற காஞ்சனபுரி மாநிலத்தில் ஹின் டாட் என்னும் வெந்நீர் ஊற்று உண்டு. அங்குச் சப்பானியப் போர்வீரர்கள் தொட்டி கட்டிக் குளித்தனர் என்பர். இன்று அது சுற்றுலாத் தலம். களைப்பு நீங்க வெந்நீரில் அமர்ந்திருந்த வீரனும், கால்புண்ணோடு கட்டை சுமந்த தோட்டத் தொழிலாளியும் ஒரே காட்டில் இருந்தனர். பாடநூலில் அப்பாதையைப் பற்றிப் படிக்கும் மாணவர் இதனையும் சேர்த்தெண்ணுதல் தகும்.

நாடு விடுதலை பெற்றபின் நிலை மாறிற்று. செலாயாங் ஊற்று நகர மக்கள் எளிதில் சென்றுவரும் பொதுக் குளிப்பிடமாயிற்று. மூட்டுவலி, தோல்நோய், உடலசதி என ஒவ்வொரு காரணம் கூறி மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அங்கே வருகின்றனர். அந்நீர் நோயைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. வெப்பம் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது உண்மை. பொறுக்கவொண்ணாச் சூடாயின், முதலில் பாதத்தை மட்டும் நனைத்துப் பழகுவர். பின்னர்க் கரையோரம் அமர்ந்து, முழங்கால்வரை நீரில் இறக்கி, அருகிருப்பவரோடு பேசத் தொடங்குவர்.