மேசைக் கணினியில் ரேடியேட்டரின் இடம்

திரவக் குளிர்விப்பு முறையைக் கையாளும் மேசைக் கணினிகளில், பிராசஸரிடமிருந்து நீர் ஏந்தி வரும் உஷ்ணத்தைக் காற்றிலே விட்டுவிடுவதற்கென, மெல்லிய உலோக இதழ்கள் நெருங்க அமைந்து, ஃபேன்கள் பூட்டப்பெற்ற தட்டையான சாதனம் ரேடியேட்டர் எனப்படும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அமர்வதற்கேற்ப அது 120, 240, 280, 360, 420 என்னும் அளவுகளில் விற்கப்படுகிறது. அதைக் கேபினெட்டின் எப்பக்கத்தில் மாட்டுவது என்பதைப் பெரும்பாலோர் இடவசதியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கின்றனர். ஆனால் குழாய்களுக்குள்ளே அகப்பட்ட காற்று, கேபினெட்டுக்குள்ளே உலவும் காற்று ஆகிய இரண்டின் போக்கையும் அறியாமல் செய்யப்படும் தீர்மானம் செவ்வையாக அமைவது அபூர்வம். கடியப்பட்டணம் போன்ற நெய்தல் நிலத்து ஊர்களிலோ மூன்றாவதாகக் கடற்காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டியிருக்கிறது.

முதலாவது காற்றைப் பற்றிய விதி விலக்கில்லாதது. தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட சாதனத்திலும் சிறிதளவு காற்று எப்போதும் இருக்கும். அதோடு, ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாக நீர் ஆண்டுதோறும் மிக மெதுவாக ஆவியாகிக் கசிவதால், அந்தக் காற்றின் அளவு நாளடைவில் பெருகும். காற்று தன் சுபாவப்படி சுற்றின் மிக உயர்ந்த இடத்தைத் தேடிச் சென்று தங்கும். பெரும்பாலான சாதனங்களில் பம்ப் பிராசஸரின்மேல் அமரும் செப்புத் தகட்டோடு இணைந்தே இருப்பதால், ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டினால் பம்ப்பே உச்சியாகிக் காற்றெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, நீரினாலேயே மசகு பெறும் அதன் அச்சை வறண்டு சுழலச் செய்து, சலசலவென்று ஓசையும் எழுப்பி, ஆயுளையும் குறைத்துவிடும். வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணீருக்குமேல் தூக்கி ஓட்டினால் அதன் குளிர்நீர்ப் பம்ப் காற்றை உறிஞ்சிக் கெடுகிறதே, அதற்கு நிகரான சங்கடம் இது. ஆகவே எங்கே மாட்டினாலும் ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்புக்கு மேலே இருத்தல் வேண்டும். முன்புறத்தில் நிமிர்த்தி மாட்டும்போது குழாய்கள் கீழ்முனையில் வந்தால் காற்று எதிர்முனையில் அமைதியாகத் தங்கிவிடும். குழாய் நீளம் போதாமல் அவற்றை மேல்முனையில் வைக்க நேர்ந்தாலும், அந்த முனை பம்ப்பைவிட உயர்ந்திருக்குமாயின், சில வேளை சலசலப்புக் கேட்குமேயன்றிப் பெரிய தீங்கு விளையாது.

இரண்டாவது காற்றைப் பற்றியதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமுண்டு. முன்புறத்தில் மாட்டி, வெளிக்காற்றை உள்ளிழுக்கச் செய்தால் பிராசஸருக்கு அறையின் குளிர்ந்த காற்று முதலில் கிடைக்கிறது. ஆனால் ரேடியேட்டரைக் கடந்து சூடேறிய அக்காற்றே பிறகு கிராஃபிக்ஸ் கார்டின்மேல் வீசுகிறது. மேற்புறத்தில் மாட்டி வெளித்தள்ளச் செய்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுத்தமான காற்றும், பிராசஸருக்கு அது கழித்த காற்றும் கிட்டுகின்றன. இக்காலத்துப் பிராசஸர்களில் உக்கிரமானவை 250 வாட் வரையிலும், கிராஃபிக்ஸ் கார்டுகளில் உக்கிரமானவை 450 வாட்டுக்கு மேலும் மின்சாரத்தை உஷ்ணமாக்குவதால், அதிகம் காய்கின்ற உறுப்புக்கே முதற்காற்றைத் தருவது நியாயம். விளையாட்டுக்கும் சலனப்படத் தொகுப்புக்கும் பயன்படும் யந்திரத்தில் மேற்புறமும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிக வேலையில்லாத யந்திரத்தில் முன்புறமும் பொருந்தும். மேற்புறத்தில் ஒரு தடை உண்டு: 27 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் ஃபேனும் சேர்ந்து 52 மில்லிமீட்டர் இறங்கிவிடுவதால், உயரமான ரேம் அட்டைகள் அவற்றோடு மோதக்கூடும்; வாங்குமுன் அளந்துகொள்வது உத்தமம். பக்கவாட்டில் மாட்டுவதற்கு முன்புற விதிகளே பொருந்தும்.

நீர் சுற்றும் வரிசையைப் பற்றிய கவலையோ பெரும்பாலும் வீண். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடுவதாகக் கொண்டால், 200 வாட் உஷ்ணத்தை ஏற்றும் அந்நீர் ஒரு சுற்றில் மூன்று டிகிரிகூடச் சூடேறுவதில்லை.

உஷ்ணத்தை அறைக்குள்ளேயே விடும் மேசைக் கணினிக்கு எல்லா இடமும் சமரசம்தான். பெரிய நிலையங்களில் இந்தச் சமரசம் தேவைப்படுவதில்லை. தேசிய சூப்பர்கணினித் திட்டத்தின்கீழ் 2022 மே 25 அன்று திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் அர்ப்பணிக்கப்பெற்ற, 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுடைய ‘பரம் பொருள்’ யந்திரம், திரவம் நேரடியாக உஷ்ணத்தை ஏந்திச் செல்லும் முறையிலேயே குளிர்விக்கப்படுகிறது.

மேற்கே அரபிக்கடலும் அருகே முட்டமும் மணவாளக்குறிச்சியும் சூழ்ந்த கடியப்பட்டணத்தில், தென்மேற்குப் பருவக்காற்று அலைத்திவலைகளை நுண்ணிய உப்புத்துகளாக்கிக் கரையோரத்து வீடுகளுக்குள்ளே சேர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு நீரை ஈர்த்து உவர்நீராகிவிடும்; கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதற்கு வெகு முன்பே கசிந்துவிடும். அந்த உவர்நீர் அலுமினிய இதழ்களில் படிந்தால் வெள்ளைப் பொரி பூத்து நாளடைவில் துளைகள் விழும். இதனால் கடற்கரை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ரேடியேட்டரைவிட நெடுநாள் அணைத்து வைத்த ரேடியேட்டருக்கே அபாயம் அதிகம். ஓடும் ரேடியேட்டரின் வெதுவெதுப்பு தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதத்தைத் தாழ்த்திக்கொண்டேயிருக்கிறது. நீர்ச்சுற்று அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்வதில்லையாதலால், குளிர்பானக் குப்பியைப்போல் அது வியர்க்கும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை.

எனவே இவ்வூருக்கு மேற்புற அமைப்பே சிறந்ததென்று கொள்ளலாம். முன்புற ஃபேன்கள் ஃபில்டரின் வழியே காற்றை உள்ளே தள்ள, ரேடியேட்டருக்கு வடிகட்டிய காற்றே எட்டுகிறது. மலிவான முன் ஃபேன் கெட்டால் மாற்றுவதும் எளிது. ஃபில்டர் வலை மிக நுண்ணிய உப்பைத் தடுக்காதெனினும், மணலையும் தூசியையும் பிடித்துவிடும். உட்புகும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று மிகுந்திருக்கவேண்டும். குறைந்தால் இடுக்குகள்தோறும் வடிகட்டாத காற்று புகும். கேபினெட்டைக் கடல் நோக்கிய ஜன்னலுக்கு நேரே வைப்பதும் தவிர்க்கத்தக்கது. மூடப்பட்ட சாதனத்தைக் கிணற்று நீர் ஊற்றிப் புதுப்பிக்க முயல்வது அனர்த்தம்: செப்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே நீரில் நின்றும் அரிக்காதிருப்பது, அந்நீரில் கலந்துள்ள அரிப்புத்தடுப்பு மருந்தினாலேயே. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதழ்களை ஃபேன் வீசும் திசைக்கு எதிராகக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். அப்போது ஃபேன் இறக்கைகள் தறிகெட்டுச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்.