மூசை நாடகமும் சேலத்து அச்சமும்

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இயற்றிய 'தி குருசிபிள்' என்னும் நாடகம் 1953 ஜனவரி 22ஆம் நாள் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிற்று. பொன்னை உருக்கும் மூசை என்பதே அப்பெயரின் பொருள். 1692இல் மாசச்சூசெட்ஸ் நாட்டுச் சேலத்தில் நிகழ்ந்த சூனிய வழக்குகளே அதன் கதை. நம் சேலத்திற்கும் அவ்வூருக்கும் பெயரொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. பொதுவுடைமையர் என்று பலரை ஐயுற்று விசாரித்த தம் காலத்து அரசியலையே மில்லர் அக்கதையின்வழிச் சுட்டினார் என்பது பலரும் அறிந்தது. ஓர் ஊரார் ஒருங்கே கொண்ட ஐயப்பித்துக்கு நாடகம் கூறும் காரணமும் வரலாறு கூறும் காரணமும் ஒன்றுதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாடகத்தில் கேட்டின் ஊற்றாக நிற்பவள் அபிகெயில் வில்லியம்ஸ் என்னும் பதினேழு வயது மங்கை. ஜான் பிராக்டர்மேல் கொண்ட காதல் நிறைவேறாமையால் அவன் மனைவியைச் சூனியக்காரி எனப் பழிக்கிறாள். வரலாற்றில் அவள் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. பிராக்டரோ அறுபதை அணுகியவர். அவர்களிடையே காதல் இருந்தமைக்குச் சான்று யாதுமில்லை. அவளது வயதை உயர்த்தியதை மில்லரே நூலின் முன்குறிப்பில் கூறியுள்ளார். நாடகம் வரலாறன்று, ஆதலின் இம்மாற்றத்தைக் குறையென யாம் கூறவில்லை. ஆயினும் இம்மாற்றத்தால் மறைந்தது யாது என வினவுதல் நம் கடன்.

மில்லர் கூர்ந்து கண்ட உண்மையும் ஒன்றுண்டு. அவர் படைத்த ஆன் புட்னம் ஏழு மகவுகளைப் பிறந்த அளவில் இழந்தவள். அவ்விழப்புக்கு ஒரு கொலைஞர் இருந்தே தீரவேண்டும் என அவள் உள்ளம் தேடுகிறது. வழக்கு ஏடுகளிலும் இத்தகைய துயரையே காண்கிறோம். 1689 டிசம்பரில் கைக்குழந்தையை இழந்த உண்மையான ஆன் புட்னம், பாஸ்டனில் வாழ்ந்த தன் உடன்பிறந்தாளின் இறந்த மக்கள் அறுவர் சவத்துணியுடன் தோன்றித் தம்மைக் கொன்றோரின் பெயர் கூறினர் எனச் சான்றளித்தாள். அவர்கள் கூறியதாக அவள் சொன்ன பெயர்களுள் ஒன்று முதியவளான ரெபெக்கா நர்ஸினுடையது. ரெபெக்கா தூக்கிலிடப்பட்டாள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இழவினை அழுகைக்கும், அணங்கினை அச்சத்துக்கும் நிலைக்களனாக வகுத்துரைக்கும். சேலத்திலோ அழுது தீராத இழவே அச்சமாக உருமாறிற்று.

இனி, நாடகம் ஒரே கூற்றில் தொட்டுவிட்டு அகலும் செய்தி போர். தன் பெற்றோர் செவ்விந்தியரால் கொல்லப்பட்டதைக் கண்டதாக அபிகெயில் தோழியரை அச்சுறுத்தும்போது கூறுகிறாள். வரலாற்றில் எல்லைப்போரில் பெற்றோரை இழந்தவளாகக் கருதப்படுபவள் மெர்சி லூயிஸ் என்னும் பணிப்பெண். தம் நிலம் பறிபோதலை எதிர்த்த வபனாக்கி மக்கள் தாக்கிய மெயின் பகுதியினின்று அவள் வந்தாள். அவள் பணிபுரிந்ததோ புட்னம் குடும்பத்தில். மகவிழந்த தாயும், பெற்றோரிழந்த பணிப்பெண்ணும், இருவரையும் நாளும் கண்டு வளர்ந்த பன்னிரண்டு வயது மகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். குற்றஞ்சாட்டியோருள் இம்மூவரும் அடங்குவர்.

1692 ஜனவரியில் சேலத்துச் சமயகுருவின் வீட்டில் சிறுமியர் துடிக்கத் தொடங்கினர். அதே திங்களில் மெயினிலுள்ள யார்க் என்னும் ஊர் தாக்குண்டது. மார்ச் முதல்நாள் விசாரிக்கப்பட்ட சாரா ஆஸ்பர்ன், செவ்விந்தியனைப் போன்ற கரிய உருவொன்று உறக்கத்தில் தன் கழுத்தைக் கிள்ளியதாகக் கூறினாள். மெர்சி முன்பு பணிபுரிந்த ஜார்ஜ் பரோஸ் என்னும் குரு, போர்வீரர்களைச் சூனியத்தால் மாய்த்தார் எனவும் பழிக்கப்பட்டு ஆகஸ்டு 19இல் தூக்கிலிடப்பட்டார்.

நீதிபதிகளும் இப்போரினின்று விலகி நின்றவரல்லர். ஹாத்தார்ன், கார்வின் ஆகிய இருவரும் 1690இல் எல்லைக்காவலைப் பார்வையிடச் சென்றனர். அதன்பின் பால்மத் ஊரின் படை விலக்கப்பட்டது. சில நாட்களில் அவ்வூர் வீழ்ந்தது. தோல்விக்குச் சாத்தானே காரணம் என்னும் எண்ணம் ஆட்சியாளர்க்கு ஆறுதலளித்தது என 2002இல் வெளியிட்ட நூலில் மேரி பெத் நார்ட்டன் வாதிடுகிறார். இவ்வொன்றே முழுக்காரணம் எனல் பொருந்தாது. பாயர், நிசன்பாம் ஆகியோர் 1974இல் விளக்கிய ஊர்ப்பூசலும் அங்கு இருந்தது. ஒப்புக்கொண்டோர் உயிர்பிழைக்க, மறுத்தோர் மாண்ட முறைகேடும் தீயை வளர்த்தது. எனினும், துயரும் போர்க்காயமும் தாமே எவரையும் தூக்கிலிட வல்லன அல்ல. பிறர் கண்ணுக்குப் புலனாகாத ஆவியுருவைச் சான்றாக ஏற்ற மன்றமே அவற்றைக் கொலைக்கருவி ஆக்கியது. பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர், கைல்ஸ் கோரி என்னும் முதியவர் கல்லேற்றி நசுக்கப்பட்டு மாண்டார்.

பழியை ஒரு மங்கையின் காமத்தின்மேல் ஏற்றும்போது, அம்மன்றத்தின் பொறுப்பு நம் கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றுகிறது. 1697இல் நீதிபதி சாமுவேல் சீவால் தம் பழியை வெளிப்பட ஏற்றார். 1706இல் புட்னம் மகள் தன் திருச்சபை முன் நின்று மன்னிப்பு வேண்டினாள். தலைமை நீதிபதி ஸ்டாட்டன் அங்ஙனம் வருந்தியதாகச் சான்றில்லை. காயமுற்ற சிறுமி வருந்தினாள். அவள் சொல்லைத் தீர்ப்பாக்கிய தலைவர் வருந்திலர். மூசை நாடகத்தைப் பயில்வோர் இவ்வேறுபாட்டையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.