முதியோர் ஓய்வூதியம் (ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்)

ஆதரவற்ற முதியவர்களுக்கு மாநில அரசு வரிப்பணத்திலிருந்து மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை. பேச்சில் ‘ஓ.ஏ.பி. (ஓல்டு ஏஜ் பென்ஷன்) பணம்’. அரசு ஊழியர் ஓய்வூதியமும் வைப்புநிதி ஓய்வூதியமும் இதில் சேரா.

வரலாறு. இந்தியாவில் இத்தகைய திட்டத்தை 1957இல் உத்தரப் பிரதேசம் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் காமராஜர் ஆட்சிக்காலத்தில், 1962 ஏப்ரல் 1 முதல் மாதம் 20 ரூபாய் வழங்கப்பட்டது. ஆதரிக்க வயதுவந்த மகனோ பேரனோ இல்லாதவருக்கே அது கிடைத்தது. அப்போது ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரிக்கும் 2004இல் கிருஷ்ணகிரிக்கும் மாறியது. மனு போகும் வழி மட்டும் பெரிதாக மாறவில்லை. கிராமக் கணக்கரான கர்ணம் இருந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். ஆதரவற்ற விதவைகளுக்கு 1975இலும் விவசாயத் தொழிலாளர்களுக்கு 1981இலும் தனிப் பிரிவுகள் ஏற்பட்டன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை, மாதாமாதம் அரிசி ஆகியவையும் சேர்ந்தன. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து கைநாட்டு வாங்கிய காலம் போய், வங்கி முகவரின் விரல்ரேகைக் கருவி வந்தது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை அது சட்டென்று ஏற்பதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள்.

தொழிற்பேட்டையும் எல்லையும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரில் வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர் என்ற புதிய வகை உருவானது. அதற்குப் பத்தாண்டு பணி வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பத்தாண்டுக் கணக்கைச் சேர்த்துக் காட்டுவதே பெரும்பாடு. காட்டினாலும் குறைந்தபட்சத் தொகை 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாய்தான். ஒரு காசும் கட்டாதவருக்குத் தமிழ்நாடு 2023 ஆகஸ்ட் முதல் தரும் 1,200 ரூபாயைவிட அது குறைவு. மாநில எல்லையிலுள்ள சூசூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் சந்தியா சுரக்ஷா ஓய்வூதியத் திட்டம் (2007). அங்கே வயது வரம்பு 65, இங்கே 60.

நிதிச்சுமை. எல்லா முதியவர்களுக்கும் கொடுத்தால் கஜானா தாங்காது என்ற வாதம் பழையது. கணக்கு அதை ஆதரிக்கவில்லை. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடி; மாதம் 1,200 வீதம் ஆண்டுக்கு 14,400 கோடி ரூபாய் ஆகும். 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் மதிப்பீடு 1,95,173 கோடி. அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கே சுமார் 37 ஆயிரம் கோடி ஒதுக்கப்பட்டது. 2036இல் மக்களில் ஐந்தில் ஒருவர் முதியவராவார் என்பதால் செலவு ஏறும். ஆயினும் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்தாமல் விடுவதே அரசுகளின் வழக்கமான சிக்கனம்.

இன்றைய நிலை. பொதுத் திட்டமாக்கப்படவில்லை, வறுமைச் சோதனை தொடர்கிறது. 80 வயதுக்குக் கீழுள்ளவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2006 முதல் மாதம் 200 ரூபாய்தான்.