சாம்பசிவம் வழக்கு: ஜொகூரில் பிறந்த ஒரு சட்டநெறி

1948ஆம் ஆண்டு சூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதனையடுத்து வந்த அவசரகால விதிகளின்படி, உரிய அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் கணபதி இவ்விதிகளின் கீழ்த் தண்டிக்கப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. அதே விதிகளின் கீழ் ஜொகூரில் தூக்குமேடையின் நிழல்வரை சென்று மீண்ட மற்றொரு தமிழர் சாம்பசிவம். உலகெங்கும் சட்டம் பயில்வோர் அவர் பெயரைப் படிக்கின்றனர். நம்மவருள் அதனை அறிந்தோரோ மிகச் சிலர்.

1948 செப்டம்பரில் ஜொகூரில் நிகழ்ந்த ஒரு மோதலில் காயமுற்றுப் பிடிபட்டவர் அவர். துப்பாக்கி ஏந்தியது ஒரு குற்றம், தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று என இரு குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அக்காலத்தில் நீதிபதியுடன் அசெசர் எனப்படும் துணைவர் இருவர் அமர்ந்து வழக்கைக் கேட்பர். அவ்விருவரும் இரு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றமற்றவர் என்றனர். தோட்டா பற்றிய முடிவை ஏற்று நீதிபதி விடுதலை அளித்தார். துப்பாக்கி பற்றிய முடிவை ஏற்காது, அதற்கு மட்டும் மறுவிசாரணை நடத்தப் பணித்தார்.

வழக்கின் உயிர்நாடி அம்மறுவிசாரணையிலேயே உள்ளது. சாம்பசிவம் அளித்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றினை அரசுத் தரப்பு அங்கே சான்றாக வைத்தது. துப்பாக்கியோடு தோட்டாவும் தம்மிடம் இருந்ததாக அதில் அவர் ஒப்புக்கொண்டிருந்தார் என்பது அதன் பொருள். ஆனால் தோட்டா வைத்திருந்த குற்றத்தினின்று அவரை முன்னரே நீதிமன்றம் விடுவித்திருந்தது! அவ்வுண்மை புதிய துணைவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று; மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. கூட்டரசு மலாயாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

இறுதியாக வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலை எட்டியது. 1950இல் தீர்ப்புரைத்த மெக்டெர்மட் பிரபு, தண்டனையைத் தள்ளுபடி செய்தார். முறையான மன்றம் ஒருவரை விடுவித்தபின், அதே குற்றத்திற்கு அவரை மீண்டும் விசாரித்தலாகாது என்பதோடு அவ்விடுதலையின் ஆற்றல் முடிந்துவிடுவதில்லை. அதே தரப்பினரிடையே பின்னர் நிகழும் வழக்குகளிலும் அம்முடிவு கட்டுப்படுத்தும் என்பதே அவர் நிறுவிய நெறி. ஆகவே வாக்குமூலத்தில் தோட்டா பற்றிய பகுதி உண்மையன்று என்றே அரசுத் தரப்பு கொள்ளவேண்டும். அதனைத் துணைவர்களுக்கும் தெரிவித்திருத்தல் வேண்டும். ஒரு பகுதி பொய்யெனின், எஞ்சிய பகுதியை எந்த அளவு நம்பலாம் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருப்பர் அல்லவா? இவ்வாய்ப்பை மறுத்ததே பிழையாயிற்று. ஒரு மனிதனின் உயிர் இத்துணை நுண்ணிய இழையில் தொங்கியது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1956இல் பிரீதம் சிங் வழக்கில் இந்நெறியை ஏற்றது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டவர் மீது, அத்துப்பாக்கி அவரிடம் கிடைத்தது என்பதையே கொலை வழக்கில் சான்றாக்கல் ஆகாது என்றது. பின்னர் மணிப்பூர் வழக்கொன்றிலும் இது பின்பற்றப்பட்டது. எல்லா நாடுகளிலும் நெறி மாறாது நின்றதெனக் கூறுதற்கில்லை. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை அதன் எல்லையைக் குறுக்கியது: முன்பு விடுவிக்கப்பட்ட குற்றங்கள் பற்றிய சான்றும், புதிய குற்றத்தை மெய்ப்பிக்கப் பொருத்தமாயின் ஏற்கத்தக்கது என்றது. எனினும் சாம்பசிவம் வழக்கின் முடிவு பிழையென அங்கும் எவரும் கூறவில்லை.

ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்திற்கு மீண்டும் விசாரிக்கலாகாது என்னும் காப்பு, 1957இல் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆம் பிரிவில் இடம்பெற்றது. குற்ற வழக்குகளில் பிரிவி கவுன்சிலை நாடும் வழி 1978 சனவரி முதல் நாளன்று அடைபட்டது. இன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994இல் தோன்றியது. அதற்கு மேல் கூட்டரசு நீதிமன்றம் உள்ளது. கட்டாய மரண தண்டனையும் 2023இல் நீக்கப்பட்டது.