பட்டம் வாங்கியாச்சு, அடுத்து என்ன? முதல் ஓராண்டுக்குள் கவனிக்க வேண்டியவை

பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பமே வேன் எடுத்துக்கொண்டு போகிறோம். ஆனால் கடைசித் தேர்வு எழுதிய நாளுக்கும் அந்த விழாவுக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடும். பிடிபிடிஎன் கடன் விழா வரை காத்திருப்பதில்லை. படிப்பு முடிந்த 12 மாதங்களில் திருப்பிச் செலுத்தும் தவணை தொடங்கிவிடும்.

இந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் நிர்வாகக் கட்டணம். நாட்டில் இதைவிட மலிவான கடன் கிடைப்பது அரிது. முதல் வகுப்பில் தேறிய இளங்கலைப் பட்டதாரிகள் விதிமுறைகளுக்கு உட்பட்டுக் கடன் விலக்குக் கேட்கலாம். அது தானாக வராது, குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்றால் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பம் போடலாம். பேசாமல் இருப்பதுதான் தவறு. நோட்டீஸ் பழைய தோட்டத்து முகவரிக்குப் போகும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் போகலாம். முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறினால் உடனே தெரியப்படுத்துங்கள்.

அரசாங்க வேலை

பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்து வைப்பதற்குக் காசு செலவில்லை. பதிவு காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆசிரியர் வேலைக்குக் கல்விச் சேவை ஆணையம் தனி.

பட்டம் இருந்தும் பலர் தடுக்கி விழும் இடம் வேறு. நிரந்தர அரசாங்கப் பதவிக்கு எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் கேட்கிறார்கள். வெறும் பாஸ் போதாது. தனியார் கல்லூரி வழியாகப் பட்டம் வரை வந்துவிட்டவர்கள் இதை விண்ணப்பம் போடும்போதுதான் கவனிக்கிறார்கள். மலாய் மொழியை மட்டும் எஸ்பிஎம் மறுதேர்வாக எழுத வழி இருக்கிறது. 23 வயதில் மறுபடி எஸ்பிஎம் எழுதுவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

தொழில்முறைப் பட்டங்களுக்குத் தனிப் பாதை உண்டு. சட்டம் படித்தவர் 9 மாதம் வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். பிரிட்டன் சட்டப் பட்டம் என்றால் அதற்கு முன் சிஎல்பி தேர்வு. மருத்துவருக்குப் பயிற்சிக் காலம் 2 ஆண்டு. பொறியியல் முடித்தவர் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். தனியார் வேலை தேட சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜோப்ஸ் தளம் இலவசம்.

சம்பளக் கணக்கு

2,500 வெள்ளிச் சம்பளம் என்றால் கைக்கு 2,500 வராது. இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி போகும். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள். ஏறக்குறைய 2,200 மிஞ்சும். 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு கட்ட வேண்டும். கட்டுகிறாரா என்பதை முதல் மூன்று மாதம் இபிஎஃப் கணக்கைத் திறந்து நீங்களே பாருங்கள்.

கோலாலம்பூரில் வீடு வாடகைக்கு எடுத்தால் வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் கேட்பார்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இந்தப் பணம் கையில் வேண்டும். நண்பர்கள் சேர்ந்து எடுத்தால் சமாளிக்கலாம்.

காடியா, வீடா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அவசரமானது. அப்பா வேலையில் இருக்கும் வரைதான் தோட்டத்து வீடு. ஓய்வு வயது 60. அப்பாவுக்கு இப்போது 56 என்றால், குடும்பம் வெளியே போக இன்னும் நான்கே ஆண்டுதான். 55 வயதில் எடுத்த இபிஎஃப் பணம் அக்காவின் கல்யாணத்துக்கும் உங்கள் படிப்புக்கும் போயிருக்கும். இதை யாரும் வீட்டில் வாய்விட்டுப் பேசுவதில்லை. பட்டதாரிப் பிள்ளைதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வங்கிகள் வீட்டுக் கடனைப் பொதுவாக 35 ஆண்டு அல்லது 70 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை தருகின்றன. அப்பா பெயரில் என்றால் 14 ஆண்டுதான் கிடைக்கும், தவணை எகிறிவிடும். 24 வயதுப் பிள்ளையின் பெயரில் 35 ஆண்டு கிடைக்கும். ஆக, கடன் வாங்கும் தகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது. வேலை கிடைத்த மூன்றாம் மாதமே 9 ஆண்டுத் தவணையில் மைவி எடுத்தால் அந்தத் தகுதியில் பெரும் பங்கை வங்கி கழித்துவிடும். வீட்டுக் கடன் கேட்கும்போது உங்கள் காடித் தவணையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

வேலைக்குப் போய்வர வாகனம் இல்லாமல் முடியாத ஊர்கள் உண்டு, மறுக்கவில்லை. அங்கே மோட்டார் சைக்கிளோ பழைய காடியோ போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை என்றால் 50 வெள்ளி மாதப் பாஸில் ரயிலும் ரேப்பிட் பஸ்ஸும் ஏறலாம்.

முதல் வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு வரை கடன் தரும். 2 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 20,000 வெள்ளி நாம் போட வேண்டும், வழக்கறிஞர் செலவு தனி. இபிஎஃப்பில் உங்கள் மாதாந்திரச் சந்தாவில் 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்குப் போகிறது. வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் நாலு வருட வேலையில் அது பெரிய தொகையாக இருக்காது. மாதம் 400 வெள்ளி தனியாகச் சேர்த்தால் நான்கு ஆண்டில் 19,200 வெள்ளி. தம்பி தங்கை வேலைக்கு வந்ததும் அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.